திங்கட்கிழமை ஜீன்ஸ்

சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் இடத்தில் நின்றால், மீனம்பாக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். அமெரிக்காவின் மற்ற ஊர்களில் ஒருவரை அழைத்துப்போக ஒருவர் வருவார். அவரும் காரை விட்டு இறங்கமாட்டார். இங்கே ஒரு பையனுக்காக இருபது பேர் நிற்கிறார்கள். பாட்டி, பெரியப்பா, கைக்குழந்தையோடு அக்கா, பலூன்கள், பெயர் எழுதிய தட்டிகள். கறுப்பு கோட்டும் தேய்ந்த ஷூவுமாக அவன் வெளியே வந்ததும், அம்மாவை முன்னால் விட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். 2020 செப்டம்பரில் திறந்த புதிய முனையத்தில் இந்தக் கூட்டத்தை மனத்தில் வைத்தே தனியாக ஒரு வரவேற்புக் கூடம் கட்டியிருக்கிறார்கள்.

என்னை அழைத்துப்போகத் தங்கை மகன் தனியாகத்தான் வந்திருந்தான். “மிஷன் முடிச்சிட்டு வர்ற பசங்க மாமா. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் வீட்டுக்கு வர்றாங்க. இங்க அடிக்கடி இப்படித்தான்” என்றான்.

அந்தப் பையன்களை அனுப்பியது நாம் மார்மன் என்று சொல்லிப் பழகிய சபை. அதற்குப் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது முழுப்பெயர். 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. அந்தக் கோடையிலேயே அவருடைய தம்பி சாமுவேல், அச்சான சூடு ஆறாத மார்மன் புத்தகப் பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடக்கத் தொடங்கிவிட்டார். 1844-இல் இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. மிச்சமிருந்தவர்களில் முதல் கூட்டத்தை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு பிரிகாம் யங் இந்த உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது 1847 ஜூலை 24. அந்த நாள் இன்றும் யூட்டா மாநிலத்தில் அரசு விடுமுறை.

சாமுவேல் தொடங்கி வைத்த நடை நிற்கவில்லை. இன்று உலகம் முழுக்க 70,000-க்கும் மேற்பட்ட முழுநேர மிஷனரிகள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள். 2012 அக்டோபரில் அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன், மிஷன் போகும் வயதை ஆண்களுக்கு 19-இலிருந்து 18 ஆகவும் பெண்களுக்கு 21-இலிருந்து 19 ஆகவும் குறைத்தார். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை. சம்பளம் கிடையாது. சொல்லப்போனால் கைக்காசுதான் போகும். அமெரிக்கக் குடும்பங்கள் மாதம் 400 டாலர் கட்டிவந்தன, 2020 ஜூலையிலிருந்து 500. எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்கு என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. முன்பெல்லாம் தபாலில் ஒரு பெரிய வெள்ளை உறை வரும், குடும்பமே சுற்றி உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும். இப்போது அது கணினித் திரையில் வருகிறது. சுற்றி உட்காருவது மட்டும் மாறவில்லை.

தங்கை மகன் வீடு லீஹை என்ற ஊரில். சால்ட் லேக் சிட்டியிலிருந்து தெற்கே அரைமணி நேரக் கார்ப் பயணம். மார்மன் புத்தகத்தில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். செப்டம்பர் மாதம், மலையின் மேல்பகுதியில் இலைகள் அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தன. அடிவாரத்தில் அடோபி உள்ளிட்ட மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள், அவற்றை நம்பி வந்த தெலுங்கு, தமிழ்க் குடும்பங்கள். பக்கத்து சவுத் ஜோர்டானில் ஒரு பிள்ளையார் கோயிலும் இருக்கிறது.

யூட்டாவில் நிலம் முழுவதையும் சபை வார்டு வார்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் உறுப்பினரோ இல்லையோ, உங்கள் வீடு ஏதாவது ஒரு வார்டுக்குள் அடங்கிவிடும். தெருவில் பாதிக்கு மேல் மார்மன் வீடுகள். அப்படிப்பட்ட ஊருக்கு மிஷனரி எதற்கு என்று கேட்டேன். “எங்களை மாதிரி வந்து சேர்ந்தவங்களுக்குத்தான்” என்று சிரித்தான். இங்கே மிஷனரிகள் கண்ணில் பட்ட கதவையெல்லாம் தட்டுவதில்லை. அக்கம்பக்கத்து உறுப்பினர்கள் வீட்டைக் காட்டிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டைக் காட்டியவர் எதிர்வீட்டு அம்மாள். தங்கை மகன் அலுவலகத்தில் இருந்த ஒரு பிற்பகலில் இரண்டு பையன்கள் வந்து மணி அடித்திருக்கிறார்கள். அவன் மனைவி நம் ஊர் வழக்கப்படி முகம் கோணாமல், “இப்ப கொஞ்சம் வேலையா இருக்கேன், அடுத்த வாரம் வாங்களேன்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே மணி.

நான் போய்ச் சேர்ந்தபோது இந்த வருகை வாடிக்கையாகிவிட்டிருந்தது. வீட்டில் ஆண் யாரும் இல்லையென்றால் உள்ளே வரமாட்டார்கள். அவர்கள் விதி அப்படி. வாசல் திண்ணையிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். என் வருகை அவர்களுக்குத்தான் ஏக வசதி. “மாமா, அந்தப் பசங்க வந்திருக்காங்க. நீங்க இருக்கீங்கன்னு சொன்னதும் ஷூவைக் கழட்ட ஆரம்பிச்சிட்டாங்க” என்றாள் மருமகள்.

ஒருவன் ஐடஹோ மாநிலத்துக்காரன், உருளைக்கிழங்கு விவசாயக் குடும்பம். ஒல்லி, வேகமான பேச்சு. இன்னொருவன் டோங்கா தீவிலிருந்து வந்தவன். கதவு அவனுக்குச் சற்றுக் குறுகல்தான். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப்பையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அதில் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும், அதற்கு முன்னால் எல்டர். இரண்டு வருடமும் அவர்களை யாரும் முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவர்களுக்குள்ளும் கூப்பிட்டுக்கொள்வதில்லை.

உபசாரம் என்றால் நமக்குத் தெரிந்தது காபியும் டீயும். இரண்டும் ஆகாது. 1833-இல் ஜோசப் ஸ்மித் தமக்கு வந்ததாகச் சொன்ன வெளிப்பாட்டின்படி மது, புகையிலை, காபி, தேயிலை எல்லாம் விலக்கு. கோலா குடிக்கலாம். இதனால் யூட்டாவில் சோடாக் கடைகள் கொழிக்கின்றன. காலை எட்டு மணிக்கே கார்கள் வரிசையில் நின்று, கோலாவில் தேங்காய்ச் சாறும் கிரீமும் கலந்து வாங்கிப் போகின்றன. எங்கள் வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த நன்னாரி சர்பத் பாட்டில் இருந்தது. ஐடஹோக்காரன் மருந்து குடிக்கிற முகத்தோடு குடித்தான். டோங்காக்காரன் இன்னொரு டம்ளர் கேட்டான்.

அவனோடு எனக்கு நெருக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் சமயமில்லை, சேப்பங்கிழங்கு. அன்று சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னோம். இந்தியக் கடையில் வாங்கிய சேப்பங்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து மேடையில் வைத்திருந்தாள் மருமகள். அதைப் பார்த்ததும் பையன் எழுந்து அடுக்களை வாசலுக்கே போய்விட்டான். டோங்காவில் அது அன்றாட உணவு. கிழங்கோடு அவர்களுக்கு இலையும் முக்கியம். இலையில் இறைச்சியையும் தேங்காய்ப் பாலையும் பொதிந்து மண் அடுப்பில் சுட்டு எடுப்பார்களாம். மிளகாய்த்தூள் போட்டு மொறுமொறுவென்று வறுத்ததை அவன் அதற்கு முன் கண்டதில்லை. தட்டு காலியான வேகத்தைப் பார்த்து அவள் மறுபடியும் எண்ணெய் வைத்தாள். “எங்க அம்மாவுக்கு இதை எழுதணும்” என்று சொல்லிச் செய்முறையைக் கேட்டுச் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். மக்கள்தொகைக் கணக்கில் மார்மன்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள நாடுகளில் டோங்காவும் ஒன்று. முதல் மிஷனரிகள் அங்கே போனது 1891-இல். அன்று அமெரிக்கா டோங்காவுக்கு ஆள் அனுப்பியது. இன்று டோங்கா அமெரிக்காவுக்கு அனுப்புகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு பாடம். முன்பெல்லாம் ஆறு உரைகளை மனப்பாடம் செய்து வரிசையாக ஒப்பித்தார்களாம். 2004-இல் ‘என் நற்செய்தியைப் பிரசங்கியுங்கள்’ என்ற கையேடு வந்த பிறகு, கேட்பவரைப் பார்த்துச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். இருந்தாலும் பயிற்சி தெரிகிறது. ஒருவன் இரண்டு நிமிடம் பேசுவான், சட்டென்று மற்றவன் எடுத்துக்கொள்வான். நடுவில் கேள்வி ஒன்றை நம்மிடம் தள்ளுவார்கள். 1820-இல் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் எந்தச் சபை மெய்யானது என்று தெரியாமல் தோப்புக்குள் போய் முழங்காலிட்ட கதையை ஐடஹோக்காரன் சொன்னான். சொல்கிறவனுக்கே அதைவிட நாலைந்து வயதுதான் அதிகம். அதனால்தானோ என்னவோ, அந்தக் கதை அவன் வாயில் உயிரோடு இருந்தது. பிறகு தேவதூதன் மோரோனி, மலையில் புதைந்திருந்த பொன் தகடுகள், அவற்றின் மொழிபெயர்ப்பு.

எனக்கு இதில் நம்பிக்கை பிறக்கவில்லை என்பதை வாசகரிடம் ஒளிக்க வேண்டியதில்லை. அவர்களிடமும் ஒளிக்கவில்லை. பலதார மணத்தைப் பற்றிக் கேட்டேன். 1890-இல் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அறிக்கை விட்டு அதைக் கைவிட்டார் என்று ஐடஹோக்காரன் சரியாகச் சொன்னான். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 1978 வரை குருத்துவம் கொடுக்காமல் வைத்திருந்தது ஏன் என்று கேட்டேன். ஐடஹோக்காரன் புத்தகத்தைப் புரட்டினான். டோங்காக்காரன் என்னை நேராகப் பார்த்து, “அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை” என்றான். நம் ஊர்ப் பட்டிமன்றப் பேச்சாளர் எவராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

அவர்கள் வாதாடுவதில்லை. வாதத்தில் ஜெயிக்கச் சொல்லி அவர்களை அனுப்பவுமில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, “இதைப் படியுங்கள், படித்துவிட்டு உண்மையா என்று கடவுளிடமே கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சாதுவான முறை என்று தோன்றும். யோசித்தால் கெட்டிக்கார முறை. நிரூபிக்கும் சுமையை அவர்கள் தோளிலிருந்து இறக்கி நம் மடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை வந்ததும் முதல் கேள்வி, “படித்தீர்களா? கேட்டுப் பார்த்தீர்களா?” வீட்டுப்பாடம் செய்யாத மாணவனாக நான் உட்கார்ந்திருந்தேன், இத்தனைக்கும் நான் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன்.

அவர்களுடைய ஒருநாளைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், தனியாக வேதபாடம், பிறகு இருவருமாகச் சேர்ந்து படிப்பு, ஒருவனை வீட்டுக்காரனாக உட்கார வைத்து மற்றவன் பாடம் நடத்திப் பார்க்கும் ஒத்திகை. பத்து மணி வாக்கில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் திரும்பி, மறுநாளைத் திட்டமிட்டு, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். சினிமா இல்லை, தொலைக்காட்சி இல்லை, காதல் இல்லை. கைப்பேசி உண்டு, அதில் பலதும் பூட்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். கடினமானது கூட்டாளி விதி. ஒவ்வொரு மிஷனரிக்கும் ஒரு கூட்டாளியைச் சபை நியமிக்கிறது. குளியலறை தவிர எங்கேயும் தனியாக இருக்கக் கூடாது. தூங்குவதும் ஒரே அறையில். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும். கூட்டாளி மாறலாம், ஊர் மாறலாம், எதுவும் மாறாமலும் போகலாம். பிடிக்காத கூட்டாளி வாய்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். “முதல் வாரம் இவன் குறட்டை. இரண்டாம் வாரம் என் பேச்சு. மூன்றாம் வாரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம்” என்றான் ஐடஹோக்காரன். வாரம் ஒருமுறை உட்கார்ந்து குறைகளை நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் நடைமுறையில் ஒன்று. அவர்களுக்குச் சபை கொடுத்திருந்த காரை வாசலிலிருந்து பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் ஒருவன் இறங்கி, பின்னால் போய் நின்று, கையசைத்து வழிகாட்டுவான். தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் இறங்குவான். அதுவும் விதிதான்.

இந்தக் கூட்டாளி விதியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒருவரை ஒருவர் காவல் காப்பதற்கான ஏற்பாடு இது என்பதில் சந்தேகமில்லை. சலனப்படும் பையனுக்குத் தனியாக யோசிக்க ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. இன்னொரு பக்கம், முன்பின் தெரியாத ஒருவனோடு, வேறு நாட்டு வளர்ப்போடு, சண்டை போட்டுவிட்டு வெளியே போக வழியில்லாமல் வாழப் பழகுகிறவன் பிற்பாடு எந்த வீட்டிலும் அலுவலகத்திலும் குடித்தனம் செய்துவிடுவான்.

திங்கட்கிழமை ஆயத்த நாள். மாலை ஆறு மணி வரை அவர்களுக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் டை இல்லை. “திங்கட்கிழமை எங்களை அடையாளம் தெரியாது” என்றார்கள். உண்மைதான், ஜீன்ஸும் பனியனுமாக வந்து நின்றபோது பக்கத்துக் கல்லூரிப் பையன்களோ என்று பார்த்தேன். மார்மன் வழிபாட்டுக் கட்டடங்களுக்குள் கூடைப்பந்து மைதானம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பிரார்த்தனைக் கூடத்துக்குப் பின்னால், மடக்குக் கதவைத் திறந்தால், வார்னிஷ் பளபளக்கும் மரத்தளம், இரண்டு பக்கமும் வளையங்கள். சுற்றுப்பட்ட ஊர்களின் மிஷனரிகள் அங்கே கூடி இரைச்சலாக ஆடினார்கள். டோங்காக்காரன் பந்தோடு வந்தால் எதிர்க்கட்சி வழிவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் துணி துவைக்க வேண்டும், வால்மார்ட்டில் வாரச் சாமான் வாங்க வேண்டும், முடி வெட்டிக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு நடுவே வீட்டோடு பேச வேண்டும். 2019 பிப்ரவரி வரை, வாரம் ஒரு மின்னஞ்சல் போக, குரல் கேட்பது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். இப்போது வாரா வாரம் பேசலாம். ஐடஹோ அம்மா ஐந்து மணி நேரம் கார் ஓட்டினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறாள். வரக் கூடாது, பேசலாம். டோங்கா அம்மாவுக்குக் கணக்கே வேறு. யூட்டாவில் திங்கள் காலை பத்து மணி என்றால் டோங்காவில் செவ்வாய் விடியற்காலை ஐந்து. படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியைப் பிடித்திருந்தவன் தோளுக்குப் பின்னால் நான் நடந்து போனேன். திரையில் தலைமுடியை அள்ளி முடிந்த ஒரு பெண், பின்னால் இருட்டு ஜன்னல். பாஷை புரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாள்.

ஐடஹோக்காரனுக்கு அந்த மாதக் கடைசியில் மனம் இங்கே இல்லை. அவன் பகுதியில் செப்டம்பர் இறுதியில் உருளைக்கிழங்கு அறுவடை. பள்ளிக்கூடங்களே விடுமுறை விட்டுப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பிவிடும். பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் கூலியைச் சேர்த்துத்தான் மிஷனுக்குப் பணம் கட்டியிருக்கிறான். இந்த வருடம் அப்பாவுக்கு லாரி ஓட்ட ஆள் குறைவு. “அவர் சொல்லவே இல்லை, தம்பி சொன்னான்” என்றான்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஆராதனைக்குப் போயிருந்தேன். அது உபவாச ஞாயிறு. இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். அன்று பிரசங்கி கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுந்துபோய் மைக் முன்னால் தன் சாட்சியைச் சொல்லலாம். ஒரு சிறுமி, ஒரு விதவை, கடன்பட்டு மீண்ட ஒரு கொத்தனார். பிஷப் ஒரு பல் மருத்துவர். சபையில் அவருக்குச் சம்பளம் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் ரொட்டித் துண்டும் சின்னக் கோப்பைகளில் தண்ணீரும் வரிசை வரிசையாகக் கொண்டு போனார்கள். பெரியவர்கள் அந்தப் பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டது என்னைக் கவர்ந்தது. பேசத் தெரிந்த நாளிலிருந்து மேடையேறியவர்கள் பதினெட்டு வயதில் அந்நியர் வீட்டில் நுழைந்து பேசுவதில் அதிசயமில்லை.

எங்கள் பையன்களுக்கு ஞாயிறு நிம்மதியில்லாத நாள். வாரக் கணக்கு போக வேண்டும். எத்தனை பேருக்குப் பாடம் நடத்தினார்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தவர்கள் எத்தனை. இவற்றைத் தவிர மிஷன் தலைவருக்குத் தனியாக ஒரு வாரக் கடிதம். நான் வந்து உட்கார்ந்ததும் ஒரு எண்ணாகச் சேர்ந்திருக்கும். அது பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் பாசத்தோடு பழகுகிற பிள்ளைகளின் கையில் ஒரு கணக்குத் தாளைக் கொடுத்திருப்பது உறுத்தத்தான் செய்தது. விற்பனைப் பிரதிநிதியின் மாத இலக்கு வேறு எப்படியிருக்கும்?

தெற்கே இன்னும் கொஞ்சம் போனால் புரோவோ. மிஷனரிப் பயிற்சி மையத்தை வெளியிலிருந்துதான் பார்த்தேன். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பெரிய வளாகம். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே ஊழியம் செய்யப் போகிறவர்களுக்குச் சில வாரம், புது மொழி என்றால் இரண்டு மாதம் வரை. கற்றுக்கொடுப்பவர்கள் பலர் மிஷன் முடித்துத் திரும்பிய கல்லூரி மாணவர்கள். கார் வந்து ஓரத்தில் நிற்கிறது, பெட்டிகள் இறங்குகின்றன, கட்டிப்பிடிக்கிறார்கள், கார் கிளம்பிவிடுகிறது. உள்ளே போய் உட்கார்ந்து அழ இடம் கொடுப்பதில்லை.

சால்ட் லேக் சிட்டியின் ஆலயச் சதுக்கத்தைப் பற்றிச் சுற்றுலா நூல்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆலயம் 1853-இல் தொடங்கி 1893-இல் முடிந்தது. நாற்பது வருடக் கருங்கல் வேலை. 2019 டிசம்பரில் புதுப்பிக்க மூடியதால் நான் பார்த்தது பாரந்தூக்கிகளைத்தான். சுற்றிக் காட்டியவர்கள் பெண் மிஷனரிகள். பெயர்ப்பட்டையின் பக்கத்தில் அவரவர் நாட்டுக் கொடி.

அந்தக் கொடிகளில் நம் கொடியைத் தேடியபோதுதான் ரிச்சர்ட் பாலன்டைன் நினைவுக்கு வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1849-இல் இதே ஊரில் தம் வீட்டிலேயே முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். 1852 ஆகஸ்டில் இங்கே நடந்த கூட்டத்தில் பெயர்கள் வாசித்தபோது அவருக்கு வந்த இடம் இந்தியா. மனைவி மக்களை விட்டுவிட்டு, சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, கல்கத்தா வழியாக 1853 ஜூலையில் சென்னப்பட்டினத்தில் இறங்கினார். பத்திரிகையும் அச்சிட்டுப் பார்த்தார். ஓராண்டு உழைப்பில் சேர்ந்தவர்கள் மிகச் சிலர், அவர்களிலும் பெரும்பாலோர் ஐரோப்பியர். அவர் பெயரை வாசித்த அதே கூட்டத்தில்தான் சபை பலதார மணத்தை முதன்முதலாகப் பகிரங்கமாக அறிவித்திருந்தது. அந்தச் செய்தியும் கடல் தாண்டி வந்து அவர் வேலையைக் கெடுத்தது. வெயிலும் நோயும் வாட்டி ஊர் திரும்பியவர், 1898-இல் ஆக்டனில் இறந்தார். இந்தியாவில் சபை நிலையாகக் காலூன்ற வெகுகாலம் ஆயிற்று. பெங்களூரில் மிஷன் ஏற்பட்டது 1993-இல்.

பாலன்டைனுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். இந்தப் பையன்களுக்குப் பதினெட்டு. நம் வீடுகளில் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் நாம் கேட்பது கட்-ஆஃப் மதிப்பெண். காலையில் எழுப்புவது நாம், தட்டில் சாப்பாடு வைப்பது நாம், பயிற்சி மையத்தில் கொண்டுபோய் விடுவது நாம். இங்கே அதே வயதுப் பிள்ளையிடம், “இரண்டு வருடம் மதிப்பெண் இல்லாமல், சம்பளம் இல்லாமல், முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து அவர்கள் கவலையைக் கேள்” என்கிறார்கள். கொள்கையை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். ஒரு சனிக்கிழமை, எங்கள் தெருக்கோடியில் வீடு மாறிய ஒரு கிழவருக்கு இருவரும் பகல் முழுக்க அலமாரி தூக்கினார்கள். அவர் கத்தோலிக்கர், மாறப்போவதும் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் பொறாமையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. நடுவில் திரும்பி வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மன அழுத்தம், உடல்நலக் குறைவு, அல்லது நம்பிக்கை போய்விட்டது. அவர்களுக்கு விமான நிலையத்தில் பலூன் கிடையாது. ஊர் முழுக்க ஒரே சபையாக இருக்கும் இடத்தில் ஏன் சீக்கிரம் வந்தாய் என்ற கேள்வி கடைத்தெருவிலும் காத்திருக்கும். தங்கை மகன் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். பல வருடமாகியும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார் என்றான். விருப்பத்தின் பேரில் போவது என்று சபை சொல்கிறது. ஒரு வார்டில் எல்லாப் பையன்களும் போகும்போது ஒருவன் மட்டும் மாட்டேன் என்று சொல்லக்கூடிய விருப்பம் எவ்வளவு தூரம் விருப்பம் என்று நான் கேட்டபோது, ஐடஹோக்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் அண்ணன் போகவில்லை என்றான். மேலே எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் மாற்றல் பட்டியல் வந்தது. டோங்காக்காரனுக்கு வடக்கே வேறொரு ஊர். விடைபெற வந்தவனிடம், முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்துகிறவர்கள்தான் அதிகக் கஷ்டமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். ‘அப்புறம் வாங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைத்தான் குறிப்பேட்டில் எழுதி வைத்து, வாரத் திட்டத்தில் சேர்த்து, இரவில் பெயர் சொல்லி ஜெபித்து, மழையிலும் பனியிலும் மறுபடி போவதாகச் சொன்னான். போனால் ஜன்னல் திரை அசையும், கதவு திறக்காது. மருமகள் அடுக்களையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றே இரண்டு பையன்களையும் உட்கார வைத்து, எங்களுக்கு எங்கள் சாமி போதும், பாடம் வேண்டாம், சாப்பிட எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். ஐடஹோக்காரன் குறிப்பேட்டை எடுத்து ஒரு வரியை அடித்தான். அவன் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. பெரிய உதவி செய்ததுபோல நன்றி சொன்னான்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற பெற்றோர் இப்போது நம்மில் நிறைய. அங்கே பகலில் வீட்டில் இருப்பது நீங்கள்தான். மணி அடித்தால் திறப்பதும் நீங்கள்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு பையன்கள் நின்றால் பயப்பட வேண்டாம். காபி கொடுக்காதீர்கள், தண்ணீரோ மோரோ கொடுங்கள். கேட்க விருப்பமிருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் அதை அன்றே, அந்த வாசலிலேயே, சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர்கள் வந்துவிடுவார்கள்.